வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பு

"நீ என்ன படிக்கிறாய்?" என்று உறவினர்கள் கேட்டால் "பத்தாம் வகுப்பு" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். கேட்பவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். சென்ற ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டில் எங்களில் ஒருத்தியிடம் அவள் மாமா இதே கேள்வியைக் கேட்டார். அவள் ஏதோ நினைவில் "டிராகுலா படிக்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டாள். மாமா மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அவள் அப்பாவைத் தேடிக்கொண்டு பந்தலுக்குள் போனார். அன்று இரவு அவள் வீட்டில் நடந்த விசாரணையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

இந்த ஆண்டு மலரில் வழக்கமாக 'நூலகத்தின் பயன்கள்' என்று ஒரு கட்டுரை வரும். எட்டாம் வகுப்பில் நாங்களே அப்படி ஒன்று எழுதியிருக்கிறோம். இது அந்தக் கட்டுரை அன்று, ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் நாங்கள் அண்மையில் படித்த புத்தகங்களை ஒருவருக்கொருவர் சொல்லிவந்தோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்தப் பாடவேளை கணக்குச் சிறப்பு வகுப்பாக மாறிவிட்டது. வருகிற ஜூன் மாதம் முதல் பத்தாம் வகுப்புக்கு அது அறவே கிடையாது என்று கேள்விப்படுகிறோம். எங்களுக்கு இனி அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். நாங்கள் போகப் போகிறவர்கள். அடுத்து வருகிற தங்கைகளுக்காக எழுதுகிறோம். எழுதுவது ஒரு பேனா என்றாலும் பேசுவது முப்பத்தெட்டுப் பேர்.

அந்த வகுப்பு தொடங்கிய கதையே வேடிக்கையானது. காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு மாத நாவல் பிடிபட்டது. அட்டையில் வெள்ளைப் புடவை, விரித்த தலை, முழு நிலா. பிடித்தவர் நூலகப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர். பெற்றோரை அழைத்துவரச் சொல்வார்கள் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை சிஸ்டர் புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு, "ராத்திரி படித்து முடித்தேன். முதல் பாதி பரவாயில்லை. முடிவு சரியில்லை" என்றார். வகுப்பே வாயடைத்துப் போயிற்று. பிறகு சொன்னார்: ஒளித்து வைத்துப் படிக்கிற புத்தகத்தை இனி இங்கே எழுந்து நின்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். கதையின் முடிவை மட்டும் சொல்லக் கூடாது. இந்த வகுப்பில் சொல்ல முடியாத புத்தகம் என்று ஒன்று இருந்தால், ஏன் சொல்ல முடியவில்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு பேய்கள் வரிசையாக வந்தன. மாத நாவல் பேய்கள் நான்கைந்து வந்ததுமே எங்களுக்குச் சலித்துவிட்டன. எல்லாப் பேய்க்கும் ஒரே சலங்கை, ஒரே பாழடைந்த பங்களா! எல்லாம் பெண் பேய்களாகவே இருப்பதையும் அப்போதுதான் கவனித்தோம். உயிரோடு இருந்தவரை வாய் திறக்க விடாமல் வைத்திருந்து, செத்த பிறகு அவளைப் பேச விடுகிறார்கள். இதைச் சொன்னது எங்களில் மிகவும் குறைவாகப் பேசுகிற ஒருத்தி.

அங்கிருந்து புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்குப் போனோம். அதில் கதை சொல்பவரே ஓர் எழுத்தாளர். வீட்டுக்கு வந்த பிச்சைக்காரி யார், அல்லது எது, என்று அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. சலங்கை ஒலி இல்லாமலே எங்களுக்கு முதுகு சில்லிட்டது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையைச் சுருக்கப் பதிப்பில் ஒருத்தி படித்துவந்து சொன்னாள். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அது பூதத்தை உண்டாக்கிய மாணவனின் பெயராம்! 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அந்தச் சாம்பல் வானத்தை மூடியதால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. மழையில் வெளியே போக முடியாமல் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் கட்டினார்கள். அதில் பிறந்தது இந்தக் கதை. அப்போது மேரிக்கு வயது பதினெட்டு. எங்களைவிட மூன்று வயது மூத்த அக்கா. புத்தகம் 1818-இல் முதலில் வெளிவந்தபோது அதில் அவர் பெயரே அச்சிடப்படவில்லை. பூதம் காட்டில் ஒரு பையில் கிடைத்த மூன்று புத்தகங்களைப் படிக்கிறது என்று கேட்டதும் சிஸ்டர், "உங்களில் சிலரைவிட அது பரவாயில்லை" என்றார்.

இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதற்கா ஒரு விண்ணப்பம் என்று பெற்றோர் கேட்கலாம். நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம்.

அன்று ஒருத்தி 'குரங்குப் பாதம்' என்ற ஆங்கிலக் கதையைச் சொன்னாள். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதியது. இந்தியாவில் பட்டாளத்தில் இருந்த ஒருவர் காய்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்றைக் கொண்டுவருகிறார். ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்தது. மூன்று பேருக்கு மும்மூன்று வரம் தரும். ஒரு வயதான தம்பதி அதை வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக் கடனை அடைக்க இருநூறு பவுன் பணம் வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்கிறார்கள். மறுநாள் மகன் வேலை செய்யும் ஆலையிலிருந்து ஆள் வருகிறது. மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். நிர்வாகம் கருணைத் தொகையாக இருநூறு பவுன் தருகிறது. அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து ஓர் இரவில், தாய்க்கு இன்னும் இரண்டு வரம் மிச்சம் இருப்பது நினைவுக்கு வருகிறது. மகன் திரும்பி வர வேண்டும் என்று கேட்கச் சொல்கிறாள். கணவர் கேட்கிறார். சற்று நேரம் கழித்து வாசல் கதவு தட்டப்படுகிறது.

சொன்னவள் விதிப்படி அங்கேயே நிறுத்திவிட்டு, "கதவைத் திறக்கலாமா, வேண்டாமா? கை தூக்குங்கள்" என்றாள். திறக்கக் கூடாது என்று முக்கால் வகுப்பு கை தூக்கியது. ஆலையில் சிதைந்து, கல்லறையில் இத்தனை நாள் கிடந்தவன் எப்படி வந்து நிற்பான் என்று ஆளாளுக்கு வர்ணித்துக் கூச்சலிட்டுச் சிரித்தோம். அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து, "எங்க அம்மாவா இருந்தா திறந்திருப்பாங்க" என்று ஒரு குரல் கேட்டது.

அவளுடைய தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் காவிரியில் போய்விட்டான். புதுத் தண்ணீர் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று மௌன அஞ்சலி செலுத்தினோம், ஜெபமாலை சொன்னோம், பிறகு மறந்துபோனோம். அவள் எங்களோடுதான் இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டாள், விளையாடினாள். நாங்கள் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் அழுவாளே என்று கேட்கவில்லை என்பதுதான் எங்கள் சமாதானம். அன்று அவளாகச் சொன்னாள். தம்பியின் செருப்பு இன்னும் வாசற்படியில் இருக்கிறதாம். யாரும் எடுக்கக் கூடாதாம். மழை வந்தால் அம்மா அதை உள்ளே எடுத்து வைத்து, வெயில் வந்ததும் திரும்ப வாசலில் வைப்பாராம். "எந்தக் கோலத்தில் வந்து நின்னாலும் திறந்திருப்பாங்க. நானும் கூட ஓடியிருப்பேன்" என்றாள்.

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மணி அடித்தது, பேருந்து கிளம்பும் நேரம். அன்று முதல் மணிக்கே யாரும் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் சனிக்கிழமை நான்கைந்து பேர் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா எங்களுக்குக் கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்து, தம்பியின் நோட்டுகளை எடுத்துக் காட்டினார். யாரிடமாவது காட்ட வேண்டும் என்று காத்திருந்தவர்போல இருந்தது.

அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். "தம்பி பேரைப் போடாதீங்க. செருப்பைப் பத்தி எழுதலாம்" என்றாள்.

இனி, பெற்றோர் கூட்டத்தில் அதிகம் கண்டிக்கப்பட்ட புத்தகத்துக்கு வருவோம். அது பேய்க்கதை அன்று. ஒரு ராக் இசைப் பாடகரின் வாழ்க்கை வரலாறு. லெஸ்லி ஆன் ஜோன்ஸ் எழுதிய ஃப்ரெடி மெர்க்குரியின் சரித்திரம். பெங்களூரிலிருக்கும் சித்தி மகன் கொடுத்த அந்தத் தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை எங்களில் ஒருத்தி அகராதியோடு போராடி ஆறு வாரத்தில் முடித்தாள். அதற்காகவே அவளுக்கு ஒரு பரிசு தரலாம். மூன்று வெள்ளிக்கிழமைகள் அந்தக் கதை ஓடியது.

ராக் பாடகர் என்றால் நீண்ட தலைமுடியும் போதைப் பழக்கமும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். ஆனால் அந்தக் கதை நம்மைப் போன்ற ஒரு விடுதியில் தொடங்குகிறது. இவரது இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. 1946-இல் ஸான்ஸிபார் தீவில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டு வயதில் கப்பலேற்றி, மகாராஷ்டிர மலையிலுள்ள பஞ்ச்கனியில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். வாயில் நான்கு பல் கூடுதல், முன்பல் துருத்திக்கொண்டிருக்கும். பையன்கள் கேலி செய்தார்கள். அங்கேதான் பியானோ கற்றார்; நண்பர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு இசைக்குழு ஆரம்பித்தார். 1964-இல் ஸான்ஸிபாரில் புரட்சி வெடித்ததும் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு ஓடியது. 1970-இல் 'குயீன்' இசைக்குழு உருவானது. பிற்காலத்தில் கையில் பணம் இருந்தும் அவர் அந்தப் பல்லைச் சரிசெய்துகொள்ளவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம். பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் எங்கள் தோழி ஒருத்தி இதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மூன்றாவது வாரம் கதை சொன்னவள் தயங்கி நின்றாள். ஃப்ரெடி மெர்க்குரி இறந்தது எய்ட்ஸ் நோயால். தமக்கு அந்த நோய் இருப்பதாக 1991 நவம்பர் 23 அன்று உலகத்துக்கு அறிவித்தார், மறுநாளே இறந்துபோனார். வயது நாற்பத்தைந்து. அவர் வாழ்க்கையில் எங்கள் வயதுக்கு விளங்காததும், வீட்டில் பேச முடியாததும் இருந்தன. அவள் சிஸ்டரைப் பார்த்தாள். "படித்ததைச் சொல், அம்மா. அவரைத் தீர்ப்பிட நாம் இங்கே உட்காரவில்லை" என்றார் சிஸ்டர்.

இந்த இடத்தில் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாமக்கல் முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன மாவட்டம். எங்களில் பலருடைய அப்பாமார் லாரித் தொழிலில் இருப்பவர்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இந்த நோய் மிகுந்திருந்த மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. பெரியவர்கள் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அந்த நோய்' என்பார்கள். அன்று ஒருத்தி எழுந்து, தன் தெருவில் ஓர் அத்தைக்கு 'அந்த நோய்' என்றும், அவர் வந்தால் கொடுக்கத் தங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தனியாக வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். தண்ணீர் டம்ளரில் பரவுமா என்று கேட்டாள். எங்களுக்கு விடை தெரியவில்லை. இத்தனைக்கும் பாடத்தில் அந்தக் கிருமியைப் பற்றிக் கேள்வி பதில் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

அடுத்த வாரம் அறிவியல் டீச்சரே வந்தார். டம்ளரில் பரவாது, தொட்டால் பரவாது, கொசுவாலும் பரவாது என்று விளக்கினார். இப்போது அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிற மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் நெடுநாள் நலமாக வாழலாம் என்றார். ஃப்ரெடி மெர்க்குரி இறந்தபோது அப்படிப்பட்ட மருந்துகள் வந்திருக்கவில்லை. அந்தப் பெண் வீட்டில் போய் இதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இதுதான் சொல்லித் தருகிறார்களா என்று முதலில் திட்டு விழுந்தது. அந்தத் தனி டம்ளர் எப்போது எடுபட்டது என்று அவளுக்கே தெரியாது. பொங்கலன்று தேடிப் பார்த்தாளாம், இல்லை.

ஏ. ஆர். ரகுமானின் வாழ்க்கையும் ஒரு வாரம் வந்தது. ஒன்பது வயதில் அப்பாவை இழந்து, அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்த கதை. அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர் என்ற பகுதியை மட்டும் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். இங்கே எழுதிவிட்டோம், மன்னிக்க.

பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்பட்ட ஆட்சேபங்கள் எங்களுக்குத் தெரியும். பேய்க்கதை படித்தால் பெண் குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்பது ஒன்று. ஒப்புக்கொள்கிறோம், 'டிராகுலா' படித்த எங்கள் தோழி ஒரு வாரம் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள். ஆனால் அவள் அதைத் தனியாகப் போர்வைக்குள் படித்தவள். வகுப்பில் சொன்ன பிறகு பயம் முப்பத்தெட்டாகப் பங்கு போடப்பட்டு, ஆளுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. கிறிஸ்தவப் பள்ளியில் பேய்க்கதையா என்பது இரண்டாவது. இரவில் கடல்மேல் நடந்து வந்த ஆண்டவரைப் பேய் என்று எண்ணிச் சீடர்கள் அலறியது நற்செய்தியிலேயே இருக்கிறது. போர்க்களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைப்பதைப் பாடும் கலிங்கத்துப்பரணியைத் தமிழம்மா உயர்ந்த இலக்கியம் என்றுதானே நடத்துகிறார்?

திருடர் கதை, மர்மக் கதையெல்லாம் தரக்குறைவு என்பது மூன்றாவது. இதற்கு நாங்கள் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. இந்த மோகனூரில் 1888-இல் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. ஒவ்வோர் ஆண்டும் சுதந்திர தினத்தன்று அவர் பாட்டைப் பாடுகிறோம். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக அவர் எழுதியது என்று மேடையில் ஒப்பிக்கிறோம். அந்தக் காந்தியக் கவிஞர் எழுதிய நாவல் என்ன தெரியுமா? 'மலைக்கள்ளன்'! மலையில் ஒளிந்திருக்கும் கொள்ளைக்காரன், கடத்தப்பட்ட பெண், மாறுவேடம், இரவில் குதிரைகள். 1954-இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடிக்கத் திரைப்படமாக வந்து, தமிழ்ப் படங்களில் முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. கவிஞரின் அப்பா இதே மோகனூரில் போலீஸ்காரராக வேலை பார்த்தவர் என்பதுதான் எங்களுக்கு வேடிக்கை. போலீஸ்காரர் மகன் எழுதிய கள்ளன் கதை! மலைக்கள்ளன் உண்மையில் யார் என்பதை விதிப்படி இங்கே சொல்ல மாட்டோம். எங்கள் பாட்டிமார் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். கேட்டால் பாட்டோடு சொல்வார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பால் வீட்டில் பாட்டியோடு பேச எங்களுக்கு விஷயம் கிடைத்தது இதில்தான்.

கடைசி ஆட்சேபம் நேரம். இதற்கு மட்டும் எங்களிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. பொதுத் தேர்வு முக்கியம்தான். கணக்கில் பின்தங்கியவர்கள் எங்களில் இருக்கிறார்கள். இதை எழுதுகிறவளும் அவர்களில் ஒருத்தி. சிறப்பு வகுப்பால் அவளுக்கு நன்மை உண்டானதையும் மறைக்கக் கூடாது. ஆனால் வாரத்துக்கு நாற்பது நிமிடம்தான் கேட்கிறோம். கணக்கு வகுப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினால் வருவதற்கு நாங்கள் தயாராக இருந்தோம். பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்குப் பேருந்துதான் சங்கடம். மதர் அவர்கள் அதற்கு ஏதாவது வழி செய்தால் அடுத்த வகுப்புத் தங்கைகள் வரமாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். புத்தகத்துக்காகப் பள்ளி பணம் செலவிடவும் வேண்டாம். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று நம் பெற்றோர் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊர் நூலகத்தில் மாணவியர் உறுப்பினராகச் சேர்ந்தால் போதும். ஆளுக்கொரு புத்தகம் என்றாலும் வகுப்புக்கு முப்பத்தெட்டு.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு செய்தி. எங்கள் வகுப்பறையின் பின்பக்க அலமாரியில் நாங்கள் சேர்த்த இருபத்தாறு புத்தகங்கள் இருக்கின்றன. சாவி நூலக சிஸ்டரிடம். 'காஞ்சனை' தொகுப்பின் அட்டை தனியாக வந்துவிட்டது. பசை போட்டிருக்கிறோம், பார்த்துப் புரட்டவும். ஃப்ரெடி மெர்க்குரி புத்தகத்தைப் பெங்களூர் அண்ணன் திருப்பிக் கேட்டுவிட்டதால் அது அங்கே இல்லை. ஆனால் ஆறு வாரத்தில் எழுதிய அர்த்தங்களின் நோட்டு இருக்கிறது, வேறு ஆங்கிலப் புத்தகத்துக்கும் உதவும். 'குரங்குப் பாதம்' கதையை எடுப்பவர்கள் கதவு தட்டப்படும் இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். 'மலைக்கள்ளன்' இப்போது எங்களில் ஒருத்தியின் பாட்டியிடம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதாம். பேத்தி ராத்திரியில் வாசித்துக் காட்டுகிறாள். முடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிடுவோம்.